சிக்கன் சாப் விற்கும் உணவகத் தொடருக்கு மலேசிய ஹலால் சான்றிதழ்: முழுமையான வழிகாட்டி

நாலைந்து கிளைகள், ஒரு மத்திய சமையலறை. சிக்கன் சாப், லேம்ப் சாப், ஃபிஷ் அண்ட் சிப்ஸ், ஸ்பாகெட்டி, காளான் சூப். குடும்பத்தோடு வந்தாலும் பர்ஸ் கடிக்காத விலை. மலேசியாவில் இப்படி ஒரு வெஸ்டர்ன் உணவகத் தொடரை நடத்துகிறவர்கள் ஹலால் சான்றிதழுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே மைஇஹலால் என்ற ஹலால் விண்ணப்ப இணையதளத்தில் கணக்கைத் திறந்து, படிவத்தை நிரப்ப உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதியில் மூலப்பொருள் பட்டியல் கேட்கும். அங்கே மாட்டிக்கொள்வார்கள். படிவம் கடைசி வேலை. மெனு, மூலப்பொருள், சமையலறை, ஆட்கள், கோப்பு, உள் தணிக்கை, அப்புறம்தான் விண்ணப்பம். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டி வரும்.

1. தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

மலேசியாவில் ஹலால் சான்றிதழ் கட்டாயம் அல்ல, விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். வழங்குவது ஜாக்கிம் எனப்படும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையும் மாநில இஸ்லாமிய சமயத் துறைகளும்தான். வேறு யாராவது "நாங்கள் ஹலால் சான்றிதழ் தருகிறோம்" என்று உங்கள் உணவகத்தைத் தேடி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலாளி முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல தமிழ், சீன முதலாளிகள் இந்த ஒரு தவறான எண்ணத்தால் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பார்க்கப்படுவது உணவும் இடமும் நடைமுறையும்தான்.

கடை ஏற்கெனவே முழுமையாக இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன்பே சான்றிதழ் வாங்கி மாட்டிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். இயங்காத சமையலறையில் தணிக்கை செய்ய எதுவும் இல்லை.

ஒரே பெயரில் நடக்கும் தொடர் என்றால் எல்லாக் கிளைகளுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நாலு கிளையில் ஹலால், சுற்றுலாப் பயணிகள் வரும் ஐந்தாவது கிளையில் மட்டும் பீர் என்பது நடக்காது. வாடிக்கையாளர் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார். ஒரு கிளையில் நம்பிச் சாப்பிட்டவர் இன்னொரு கிளையில் ஏமாறக் கூடாது. மதுவை விடுவதா, சான்றிதழை விடுவதா என்பதைப் பங்குதாரர்கள் எல்லாரும் உட்கார்ந்து இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

சான்றிதழ் கைக்கு வரும்வரை 'ஹலால்' என்ற சொல்லையோ சின்னத்தையோ பலகையில், மெனுவில், முகநூலில் போடக் கூடாது. 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஹலால் ஆணைகள் இதைக் குற்றமாக்குகின்றன. சான்றிதழ் இல்லாமல் சின்னம் போட்டால் தனிநபருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கே 200,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

2. மெனுவைப் பூட்டுங்கள்

மெனு தினமும் மாறிக்கொண்டிருந்தால் மூலப்பொருள் பட்டியல் முடியவே முடியாது. ஆகவே விற்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: சாப்பாடு, பானம், சிறுவர் தட்டு, பண்டிகைக் கால ஸ்பெஷல், இலவசமாகக் கொடுக்கும் ரொட்டித் துண்டு, மேசையில் நிற்கும் சில்லி சாஸ் புட்டி. இதை ஒரு தேதியோடு உறுதிசெய்து, சான்றிதழ் வரும்வரை புதிய உணவு எதையும் சேர்க்காதீர்கள்.

பெயர்களையும் இப்போதே சரிசெய்யுங்கள். ஹாம், பேகன், பீர், ரம் போன்ற சொற்களை ஹலால் உணவின் பெயரில் வைக்க முடியாது. மாட்டிறைச்சியில் செய்தாலும் 'பேகன்' பேகன்தான். 2016-இல் ஆன்ட்டி ஆன்ஸ் கடைகளின் 'பிரெட்சல் டாக்' என்ற பெயரையே, 'டாக்' என்றால் நாய் என்பதால், ஜாக்கிம் ஏற்கவில்லை, 'பிரெட்சல் சாசேஜ்' என்று மாற்றச் சொன்னது. ஹாட் டாக் விற்கிறவர்கள் அந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கத்திய உணவில் பொருளும் பெயரும் சேர்ந்தே இடிக்கும் இடங்கள் சில உண்டு. மீனைப் பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரிப்பது, ஆட்டிறைச்சிக்கு ரெட் வைன் சாஸ், திராமிசு இனிப்பில் ரம். 'சூட்டில் ஆல்கஹால் ஆவியாகிவிடும்' என்ற வாதம் இங்கே எடுபடாது. மதுவைச் சமையலில் சேர்ப்பதே கூடாது, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே வராது. பீருக்குப் பதில் குளிர்ந்த சோடாத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மொறுமொறுப்பு அப்படியே கிடைக்கும். சமையல்காரர் முதலில் முகம் சுளிப்பார். ஒரு வாரம் பழகினால் சரியாகிவிடும்.

பெயர் மாற்றத்தை இப்போதே செய்யச் சொல்வதற்கு ஒரு பணக் காரணமும் உண்டு. மெனு அட்டை, சுவர்ப் பலகை, டெலிவரி செயலி, கல்லா இயந்திரத்து ரசீது என்று ஒரே பெயர் பல இடங்களில் இருக்கும். தணிக்கைக்குப் பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு முறை அச்சடிக்க வேண்டும்.

3. மூலப்பொருள் பட்டியல்: வேலையின் பாதி இங்கேதான்

ஒவ்வொரு உணவையும் பிரித்து, அதில் போகும் ஒவ்வொரு பொருளையும் ஒரு வரியாக எழுதுங்கள். ஒரு வரியில் இவை இருக்க வேண்டும்: பொருளின் பெயர், பிராண்டு, தயாரிப்பாளர், தயாரிப்பாளரின் முகவரி, நாடு, ஹலால் சான்றிதழ் கொடுத்த அமைப்பு, சான்றிதழ் முடியும் தேதி, உங்களுக்கு விற்கும் வியாபாரி.

தயாரிப்பாளரும் வியாபாரியும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "சப்ளையரிடம் ஹலால் சான்றிதழ் வாங்கிவிட்டேன்" என்பார்கள். பார்த்தால் அது அவருடைய கிடங்குக்கோ வேறொரு பொருளுக்கோ உரிய சான்றிதழாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பொருளைத் தயாரித்த ஆலையின் சான்றிதழ். பொட்டலத்தில் உள்ள பிராண்டு, பொருள் பெயர், தயாரிப்பாளர் முகவரி மூன்றும் சான்றிதழில் உள்ளவற்றோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

தாளை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கிமின் ஹலால் இணையதளத்தில் தயாரிப்பாளர் பெயரைத் தேடி, இன்றைக்கும் சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். இறக்குமதிப் பொருளென்றால், அந்த நாட்டின் சான்றளிப்பு அமைப்பு ஜாக்கிம் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் பொருளுக்கு அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் செல்லும். பொட்டலத்தில் அரபு எழுத்தில் 'ஹலால்' என்று இருப்பதால் மட்டும் எதுவும் முடிவாகிவிடாது. அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.

பேக்கரிச் சாமான் கடைகளில் கிலோ கணக்கில் பிரித்துக் கட்டிய சீஸ், சாக்லேட், ரொட்டித் தூள் விலை குறைவு என்று வாங்குவார்கள். அந்தப் பிளாஸ்டிக் பையில் தயாரிப்பாளர் பெயர் இருக்காது. பொருள் உண்மையிலேயே ஹலால் பொருளாக இருந்தாலும் நிரூபிக்க வழி இல்லை, ஆகவே நிராகரிக்கப்படும். அசல் பொட்டலத்திலேயே வாங்குங்கள். விலை வித்தியாசத்தைவிடத் தணிக்கை தள்ளிப்போகும் செலவு அதிகம்.

புதிய காய்கறி, பழம், மீன், இறால், முட்டை, அரிசி இவற்றுக்குச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். பதப்படுத்தியதும் கதை மாறும்: மசாலா தடவி உறையவைத்த மீன் துண்டுக்குச் சான்றிதழ் வேண்டும். உறைந்த உருளைக்கிழங்குச் சிப்ஸும் அப்படித்தான், சில வகைகளில் மேல்பூச்சும் மாட்டிறைச்சிச் சுவையூட்டியும் இருக்கும்.

4. இறைச்சிக்குத் தனிக் கவனம்

கோழிக்கு, ஜாக்கிம் சான்றிதழ் பெற்ற அறுப்பு நிலையத்திலிருந்து வந்ததற்கான ஆதாரம் வேண்டும். பசார் கடைக்காரர் பல வருடப் பழக்கம், நல்ல மனிதர், முஸ்லிம் என்பதெல்லாம் கோப்பில் ஏறாது. இதை அவரிடம் சொல்வது சங்கடம்தான். ஆனால் எந்த அறுப்பு நிலையத்திலிருந்து எடுக்கிறார் என்று கேட்டு, ரசீதில் அது வருமாறு செய்ய முடிந்தால் அவரிடமே தொடரலாம்.

ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருபவை. அந்த அறுப்பு நிலையத்தைக் கால்நடை சேவைத் துறையும் ஜாக்கிமும் சேர்ந்து அங்கீகரித்திருக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாடு நல்ல நாடு என்பது போதாது. நிலையத்தின் எண் முக்கியம்.

அந்த எண் அட்டைப்பெட்டியில்தான் அச்சாகியிருக்கும். சரக்கு வந்ததும் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, இறைச்சியை மட்டும் உறைபெட்டிக்குள் அடுக்கும் பழக்கம் எல்லாச் சமையலறைகளிலும் இருக்கிறது. தணிக்கையாளர் உறைபெட்டியைத் திறந்து, "இது எங்கே அறுத்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது. பெட்டியின் முத்திரைத் துண்டை வெட்டி, தேதி எழுதி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். பிரித்து வைக்கும் ஒவ்வொரு பையிலும் அந்தத் தொகுதியின் தேதி ஒட்டப்பட வேண்டும்.

5. சாஸ், சீஸ், இனிப்பு: கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள்

மேற்கத்திய உணவில் இறைச்சியைவிட இவைதான் அதிகம் இழுத்தடிக்கும்.

சீஸ் உறைய வைக்கும் ரென்னெட் என்ற நொதி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம்; அந்தக் கன்று ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். இத்தாலியின் அசல் பார்மெஜானோ ரெஜ்ஜானோ கன்று ரென்னெட்டில்தான் செய்யப்படுகிறது. ஸ்பாகெட்டி மேல் தூவ ஹலால் சான்றிதழ் பெற்ற பார்மசான் வகைத் தூள் கிடைக்கிறது, அதையே எடுங்கள்.

பன்னாகோட்டா, மார்ஷ்மெல்லோ, சில யோகர்ட் வகைகளில், விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் ஈ471 என்ற பால்மமாக்கி தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாவை மென்மையாக்கும் ஈ920, இறகிலிருந்தோ முடியிலிருந்தோ எடுக்கப்பட்டதாக இருக்கலாம். பர்கர் பன்னைப் பக்கத்து பேக்கரியில் வாங்குகிறவர்கள், அந்த பேக்கரிக்கே சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவருடைய மாவு, மார்கரின், மென்மையாக்கி என்று அவருடைய மூலப்பொருள் பட்டியலையும் நீங்கள் சுமக்க நேரிடும். பேக்கரியை மாற்றுவது அதைவிடச் சுலபம்.

ஆல்கஹால் விஷயத்தில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். இஸ்லாமிய சமயத் தீர்ப்பு வழங்கும் தேசிய ஃபத்வா குழு 2011-இல் எடுத்த முடிவின்படி, சுவையூட்டியைக் கெடாமல் நிலைநிறுத்தச் சேர்த்த ஆல்கஹால், மதுத் தயாரிப்பிலிருந்து வராததாகவும் இறுதி உணவில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகாததாகவும் இருந்தால் அனுமதி உண்டு. வைன், பீர், ரம் ஆகியவற்றுக்கு எந்த அளவிலும் அனுமதி இல்லை. இதைப் படித்துவிட்டு இறக்குமதி வெனிலாச் சாறு வாங்கிக் கணக்குப் போட உட்காராதீர்கள். ஹலால் சான்றிதழ் பெற்ற வெனிலாச் சுவையூட்டி எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

வூஸ்டர்ஷயர் சாஸ், கடுகுச் சாஸ், பால்சாமிக் வினிகர், சூப் தூள், கருமிளகுச் சாஸ் கலவை என எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி, தனித்தனி ஆதாரம். ஆதாரம் கிடைக்காத பொருளுக்காக மூன்று மாதம் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, சான்றிதழ் உள்ள மாற்றுப் பொருளைச் சுவைத்துப் பார்த்து மாறிவிடுவதே நல்லது. மலிவு விலைக் கடையில் எந்த வாடிக்கையாளரும் கடுகின் பிராண்டைக் கேட்பதில்லை.

6. சமையலறையைத் திருத்துங்கள்

பட்டியல் முடிந்த பிறகு சமையலறைக்குள் போங்கள். இந்த வரிசைக்கும் காரணம் உண்டு: தகுதியில்லாத பொருள் எது என்று தெரிந்த பிறகு சுத்தம் செய்தால்தான் அது திரும்ப அலமாரிக்கு வராது.

எண்ணெய் தடவும் தூரிகைகளை எடுத்துப் பாருங்கள். வெளிர் நிற முள்முடித் தூரிகை பன்றி முடியாக இருக்கலாம். சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிட்டு சிலிக்கான் தூரிகை வாங்குங்கள், சில ரிங்கிட்தான். தட்டுகளையும் புரட்டிப் பாருங்கள். 'போன் சைனா' என்று அடியில் எழுதியிருந்தால் அதில் விலங்கு எலும்புச் சாம்பல் கலந்திருக்கிறது. எந்த விலங்கு என்று நிரூபிக்க முடியாத தட்டை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பன்றி இறைச்சி சமைத்த கடையை எடுத்து நடத்துகிறீர்கள் என்றால் செர்த்து செய்ய வேண்டும். பன்றி, நாய் சார்ந்த கடும் நஜீஸை, அதாவது சமய விதிப்படியான அசுத்தத்தை, ஏழு முறை கழுவி நீக்குவது அது, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். மாநில சமயத் துறையிடம் சொல்லி, அவர்கள் மேற்பார்வையில் செய்யுங்கள். நீங்களே கழுவிவிட்டு வீடியோ காட்டினால் போதாது. மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1500:2019, ஓர் இடத்தை ஹலாலாக மாற்றிவிட்டு மறுபடி பன்றிக்குத் திருப்பி, மீண்டும் ஹலாலாக்கும் விளையாட்டை அனுமதிப்பதில்லை. பழைய மரப்பலகை, மரக்கரண்டி, வெடித்த பிளாஸ்டிக் டப்பா இவற்றைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், புதிது வாங்குங்கள்.

வழிபாட்டுப் பொருள் விஷயத்துக்கு வருகிறேன். நம் தமிழ் முதலாளிகளின் கடைகளில் கல்லாவுக்கு மேல் பிள்ளையார் படம், சின்ன விளக்கு, ஊதுவத்தி இருப்பது இயல்பு. உணவு தயாரிக்கும், பரிமாறும் இடங்களில் அவை இருக்கக் கூடாது என்பது விதி, எந்தச் சமயத்துக்கும் இது பொருந்தும். தணிக்கைக்கு முந்தின நாள் எடுத்து ஒளித்து வைத்துவிட்டு மறுநாள் மாட்டுவது சரியல்ல, அது சாமிக்கும் மரியாதை இல்லை. உணவகத்தோடு சேராத தனி அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ முறையாக எடுத்துச் செல்லுங்கள். ஆயுதபூசையையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

ஊழியர்களின் சாப்பாட்டையும் மறக்காதீர்கள். வெளியே வாங்கிய உணவைச் சமையலறைக் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கத்தை நிறுத்தி, சமையலறைக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்குங்கள். அங்கும் ஹலால் அல்லாதது வரக் கூடாது.

வாடிக்கையாளர் கொண்டு வரும் பிறந்தநாள் கேக்குக்கும் ஒரு விதி எழுதி வையுங்கள். மெக்டொனால்ட்ஸ் மலேசியா ஹலால் சான்றிதழ் உள்ள கேக்கை மட்டுமே உள்ளே அனுமதிப்பதாகச் சொன்னபோது பெரிய விவாதம் எழுந்தது. உங்கள் கடையில் அந்த விவாதம் மேசையருகே, பிறந்தநாள் குழந்தையின் முன்னால் நடக்கக் கூடாது. முன்பதிவு எடுக்கும்போதே சொல்லிவிட்டால் யாருக்கும் மனம் நோகாது.

7. மத்திய சமையலறை, கிடங்கு, வண்டி

சாஸும் ஊறவைத்த கோழியும் மத்திய சமையலறையிலிருந்து போகிறதென்றால், அந்த இடத்துக்கும் சான்றிதழ் வேண்டும். அதை முதலில் முடியுங்கள். கிளைத் தணிக்கையில் "இந்தச் சாஸ் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி வரும், மத்திய சமையலறை நிலுவையில் இருந்தால் கிளைகள் எல்லாம் அதன் பின்னால் காத்து நிற்கும்.

மற்றவர்களோடு பகிரும் குளிர்கிடங்கு, வாடகை லாரி இரண்டும் அபாயம். அதே அறையில் அடுத்தவர் பன்றி இறைச்சி வைத்திருந்தால் உங்கள் கோழி எவ்வளவு இறுகக் கட்டியிருந்தாலும் கேள்விக்குள்ளாகும். ஹலால் பொருள்களுக்கு மட்டுமே உள்ள கிடங்கையும் வண்டியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

8. ஆட்கள்

உணவு கையாளும் பகுதியில் முழுநேர நிரந்தர முஸ்லிம் ஊழியர்கள் வேண்டும், அவர்கள் மலேசியக் குடிமக்களாகவும் இருக்க வேண்டும். "எங்கள் சமையல்காரர் வங்காளதேச முஸ்லிம்தானே" என்று பலர் நம்பியிருப்பார்கள். அவர் நல்ல சமையல்காரர், ஆனால் இந்தக் கணக்கில் சேரமாட்டார். ஒரு கிளைக்கு இருவருக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். 

அவர்களைக் காசாளராக மட்டும் வைத்துவிட்டுப் பட்டியலில் 'சமையலறை' என்று எழுதுவதும் நடக்கிறது. தணிக்கையாளர் அவரையே கூப்பிட்டு, கோழி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்பார்.

நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கு உள் ஹலால் குழுவும் முறையான பயிற்சி பெற்ற ஹலால் நிர்வாகியும் தேவை. குழுவில் கொள்முதல் பார்ப்பவரைக் கட்டாயம் சேருங்கள். தவறுகள் நுழைவது அவர் மேசை வழியாகத்தான்.

சமையலறையில் வேலை செய்யும் எல்லாருக்கும் உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு ஊசியும் வேண்டும். ஊசி மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் எப்போதும் விடுபடுவார்கள், ஆகவே வேலைக்குச் சேர்க்கும் முதல் நாள் தாளிலேயே இதை ஒரு வரியாக வையுங்கள்.

9. கோப்பு

2020-இல் வந்த மலேசிய ஹலால் மேலாண்மை முறை நிறுவனங்களை விற்பனை அளவால் பிரிக்கிறது. உணவகம் சேவைத் துறையில் வருவதால் ஆண்டு விற்பனை 300,000 ரிங்கிட்டுக்குக் கீழே குறுந்தொழில், 30 லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே சிறுதொழில், 2 கோடி வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. கிளை வாரியாகப் பார்த்துச் 'சிறியது' என்று போட்டுவிடாதீர்கள். நிறுவனத்தின் மொத்த விற்பனைதான் கணக்கு. ஐந்து கிளை ஓடினால் 30 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு உள் ஹலால் கட்டுப்பாட்டு முறை போதும்: ஹலால் கொள்கை, மூலப்பொருள் கட்டுப்பாடு, ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று பின்தொடரும் வசதி. நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கு ஹலால் உறுதி முறை; அதில் குழு, உள் தணிக்கை, அபாயக் கட்டுப்பாடு, பயிற்சி, மறுஆய்வு எல்லாம் சேரும்.

இணையத்தில் யாரோ போட்ட மாதிரிக் கோப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் 'அறுப்புப் பிரிவு' என்று ஒரு அத்தியாயம் இருக்கும், உங்கள் கடையில் அறுப்பே நடக்காது. சிக்கன் சாப் வந்து இறங்குவதிலிருந்து தட்டில் வைப்பதுவரை உங்கள் கடையில் நடப்பதை நீங்களே எழுதுங்கள். மொழி நடை யாருக்கும் முக்கியமில்லை. எழுதியதும் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பின்தொடரும் வசதியைச் சோதிக்க எளிய வழி உண்டு. போன செவ்வாய்க்கிழமை ஒரு கிளையில் விற்ற லேம்ப் சாப்பை எடுத்துக்கொண்டு, அது எந்தத் தொகுதி, எந்த ரசீது, எந்த அறுப்பு நிலையம் என்று தாள்களை மட்டும் வைத்துப் போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள். எங்கே சங்கிலி அறுகிறதோ அங்கேதான் வேலை பாக்கி.

10. உள் தணிக்கை

விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கிளைக்கும் சொல்லாமல் போங்கள். ஒரு கிளையின் மேலாளரை அடுத்த கிளைக்கு அனுப்புவது இன்னும் நல்லது. தன் கடையில் பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது அடுத்தவர் கடையில் பளிச்சென்று தெரியும்.

அடிக்கடி அகப்படுவது ஒன்றே ஒன்று: அவசரத்துக்கு வாங்கிய பொருள். சனிக்கிழமை இரவு மயோனைஸ் தீர்ந்துவிடும், மேலாளர் பக்கத்து மினி மார்க்கெட்டுக்கு ஓடி வேறு பிராண்டு வாங்கி வருவார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பட்டியலில் இல்லாத பொருள் சமையலறைக்குள் வந்துவிட்டது. அனுமதித்த பிராண்டுகளின் படங்களைச் சேமிப்பு அறைச் சுவரில் ஒட்டுங்கள். அந்தப் பொருள் தீர்ந்தால் அந்த உணவை அன்றைக்கு விற்காதீர்கள் என்று மேலாளருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். விற்பனை போகிறதே என்று மேலிடம் திட்டும் என்ற பயம் இருக்கும்வரை அவர் மினி மார்க்கெட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருப்பார்.

11. இப்போது விண்ணப்பியுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவு, ஒவ்வொரு இடத்துக்கும் ஊராட்சி மன்ற உரிமம், சுகாதார அமைச்சில் உணவக வளாகப் பதிவு, மெனு, மூலப்பொருள் பட்டியலும் ஆதாரங்களும், சமையல் ஓட்ட வரைபடம், வளாக வரைபடம், ஊழியர் பட்டியல், பயிற்சி மற்றும் ஊசி ஆவணங்கள், ஹலால் கோப்பு.

எல்லாத் தாளிலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். உரிமத்தில் 'தரைத்தளம்', விண்ணப்பத்தில் 'எண் 12' என்று இருந்தால் திரும்பி வரும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

ஆவணங்கள் ஏற்கப்பட்டதும் கட்டண அறிவிப்பு வரும். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் விண்ணப்பம் செல்லாமல் போகும். கணக்கருடைய மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிட்டு அவர் விடுமுறையில் போனதால் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். இருவர் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள்.

12. தணிக்கை நாள்

ஷரியா தணிக்கையாளர் ஒருவர், தொழில்நுட்பத் தணிக்கையாளர் ஒருவர் என இருவர் வருவார்கள். கடை வழக்கம்போல் நடக்கட்டும். அன்றைக்கு மட்டும் சமையலறையைக் காலி செய்து பளபளவென்று வைத்தால் அவர்களால் எதையும் மதிப்பிட முடியாது.

கேள்விக்கு அந்த வேலையைச் செய்கிறவரே பதில் சொல்லட்டும். முதலாளி முந்திக்கொண்டு பேசுவது உதவாது. தெரியாததற்குத் 'தெரியாது, கோப்பில் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லலாம் என ஊழியர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

குறை எழுதினால் கலங்காதீர்கள். பெரும்பாலானவை திருத்தக்கூடியவை. திருத்தியதற்குப் படமும் ரசீதும் சேர்த்து, கொடுத்த கெடுவுக்குள் அனுப்புங்கள். 'இனிமேல் கவனமாக இருப்போம்' என்ற கடிதம் ஏற்கப்படாது; என்ன செய்தீர்கள் என்பதுதான் கேட்கப்படும். அதன் பிறகு சான்றிதழ்க் குழு கூடி முடிவு செய்யும். சந்தேகமான பொருளை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றிருந்தால் அந்த முடிவுக்கும் காத்திருக்க வேண்டும்.

13. சான்றிதழ் வந்த பிறகு

சான்றிதழ் அந்த முகவரிக்கு மட்டும் உரியது. கடை பக்கத்துக் கட்டடத்துக்கு மாறினாலும் பழையது செல்லாது. புதிய கிளைக்குத் தனி விண்ணப்பம் உண்டு. அது வரும்வரை அந்தக் கிளையின் பலகையில் ஹலால் சின்னம் வரக் கூடாது. தொடரின் பொது விளம்பரத்திலும் கவனம் தேவை. வடிவமைப்பாளர் பழைய கோப்பை எடுத்துச் சின்னத்தோடு புதிய கிளையின் முகவரியைப் போட்டுவிடுவார்.

புதிய உணவு, புதிய மூலப்பொருள், சப்ளையர் மாற்றம், முஸ்லிம் ஊழியர் விலகல் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். ரமலான் மாதத்து பஃபே, ஆண்டு இறுதி ஸ்பெஷல் போன்றவற்றுக்குச் சமையல்காரர் புதுப் பொருள் கேட்பார். மெனு அச்சுக்குப் போகும் முன் ஹலால் நிர்வாகியின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மூலப்பொருள் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தேதியில் காலாவதியாகும். பட்டியலை முடியும் தேதி வாரியாக அடுக்கி, மாதம் ஒருமுறை அடுத்த மூன்று மாதத்தில் முடியப்போகிறவற்றைப் பார்த்துச் சப்ளையருக்கு எழுதுங்கள். சொல்லாமல் வரும் அமலாக்க அதிகாரிகள் முதலில் புரட்டுவது பெரும்பாலும் அந்தக் கோப்பைத்தான். சொந்தச் சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையை, முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே மெனு பட்டியலிலிருந்து தொடங்குங்கள். இரண்டு சான்றிதழுக்கு நடுவே இடைவெளி விழுந்தால், அந்த நாள்களுக்குக் கிளைகள் எல்லாவற்றிலும் சின்னத்தைக் கழற்ற வேண்டி வரும்.